இடப்பக்கத்து ஆசனம்

"வெள்ளிக்கிழமை வாறன், காரை ஆயத்தமாக வைச்சிரும்" என்று பத்திநாதர் சொல்லிவிட்டு வாசல் படலையைத் தாண்டியதோடு போன கிழமை விட்டோம். அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

இந்தக் கிழமைதான் இந்த வீட்டுக்குள் கால் வைக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் அம்பலவாணர் வளவில், வேப்பமரத்தடியில், கிடுகுக் கொட்டில் ஒன்றில் ஒரு கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மேலே நிலையான கூரையும் இல்லை. மலைநாட்டுத் துரைமார் வளைவுகளில் விரட்டித் திரிந்த எம்.ஜி. கார். ஊரில் அதற்கு வைத்த பெயர் 'தில்லையன்ரை தொட்டில்.'

தில்லையன் என்பது அம்பலவாணரின் ஒரே மகன் தில்லைநாதன். தெற்கே ஒரு பட்டினத்தில் தகப்பனின் கடையில் மேசைக்குப் பின்னால் இருந்தவன். இருந்தது உடம்புதான். மனம் எதிர்ப்பக்கத்தில், வாகனம் திருத்துகிற கராச்சில் கிடந்தது. சீமைக்குப் போன துரை ஒருவர், பள்ளத்தில் உருண்ட தன் காரை அந்தக் கராச்சிலேயே கைவிட்டுப் போக, அதைத் தில்லைநாதன் எடுத்துக்கொண்டான். தெற்கில் தமிழரைத் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்தபோது, காருக்குக் கீழே எண்ணெய்க் குழியில் சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்துத்தான் உயிர் தப்பினான். கடை சாம்பலாயிற்று. மகனும் காரும் லொறி ஒன்றில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் அவனுக்குச் சத்தியபாமாவைச் செய்து வைத்தார்கள். காருக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் என்று ஊர்ப் பெண்கள் அவளைச் சீண்டுவதுண்டு.

காரைத் திருத்துவது ஒரு நாள் வேலையாக இருக்கவில்லை. உடம்புத் தகட்டுக்குள்ளே இருந்த மரச்சட்டம் உக்கிப் போயிருந்தது. ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டுகிற ஆசாரியைக் கொண்டு வேம்பில் புதிதாக வளைத்தெடுத்தான். மழைக்கு இழுத்துப் போடுகிற கூரையைப் பாய்த் துணியில் தைப்பித்தான். பழையதைப் பழையபடி ஆக்கியதோடும் விடவில்லை. திரும்புகிற பக்கத்தைக் காட்டும் விளக்குகள், நல்ல பிரேக், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு முள் என்று துரை காணாத சில வசதிகளையும் காருக்கு நோகாமல் சேர்த்தான். சாரதி வலப்பக்கம். இடப்பக்கத்து ஆசனத்துக்கு முன்னால் ஒரு பித்தளைக் கைபிடி பூட்டினான்.

"இது எதுக்கு?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"நீர் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதுக்கு."

அந்தக் கைபிடியை அவள் எத்தனையோ தரம் துடைத்திருக்கிறாள். பிடித்துக்கொண்டு ஒரு முழம் தூரமும் போனதில்லை. எல்லாம் முடியட்டும், அரைகுறையில் உம்மை ஏற்றமாட்டேன் என்பது தில்லைநாதனின் பிடிவாதம்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

பத்திநாதருக்கு யாழ்ப்பாணத்தில் பெரிய கராச். வேலணைத் தெருவில் இன்னொன்று போட நினைக்கிறார், பொறுப்பாக நடத்த ஆள் வேண்டும். தில்லைநாதன் போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைச் சத்தியபாமா நித்திரையிலும் சொல்வாள்.

"கதை எனக்கு வேண்டாம், தம்பி. நெடுந்தீவிலை ஒரு வள்ளத்தின்ரை எஞ்சின் பாக்கப் போக வேணும். உம்மடை காரிலை என்னைக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோய் விடும். போய்ச் சேர்ந்தால் வேலை உம்மடை."

போய்ச் சேராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அதை அம்பலவாணர் சொல்லியிருந்தார். அவருடைய பழைய கடைப் பங்காளி அதே பட்டினத்தில், அதே தெருவில் மறுபடி கடை திறந்துவிட்டார். தில்லைநாதனை அனுப்பச் சொல்லி இரண்டு முறை ஆள் விட்டிருக்கிறார். பத்திநாதர் அலுவல் சரிவராவிட்டால் சனிக்கிழமை இரவு மெயில் ரயிலில் போவதாகத் தில்லைநாதன் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்தத் தெருவின் பெயரைக் கேட்டாலே சத்தியபாமா இருந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவாள். கலியாணம் முடித்த புதிதில், பக்கத்தில் படுத்திருந்த மனிதன் நித்திரையில் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு கிடந்ததை அவள் கண்டவள். குழிக்குள் சத்தம் போடாமல் கிடந்த பழக்கம் அது. அந்த இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்புவதா?

ஆகவே அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கார் குறிகட்டுவான் வரைக்கும் ஓட வேண்டும்.

காலையில், எஞ்சினைக் குளிர்விக்கிற றேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டவள் அவள்தான். தில்லைநாதன் ஒரு வருடமாகக் கிளிநொச்சிப் பக்கம் உழவு இயந்திரங்கள் திருத்தப் போய்க் கிழமைக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். போகும்போது அவளுக்குக் காரை இயக்கப் பழக்கிவிட்டுப் போனான். பின்னேரத்தில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும், தண்ணீர் குறைந்திருந்தால் நல்ல தண்ணீர் விட வேண்டும். இவ்வளவுதான்.

நல்ல தண்ணீர் என்றால் தீவுப்பகுதியில் அதற்கு ஒரு விலை உண்டு. வளவுக் கிணறு உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். குளிக்க, தோய்க்க, கத்தரிக்கு ஊற்றத்தான் அது ஆகும். குடிக்கிற தண்ணீர் தெருவோரத்து நல்ல தண்ணிக் கிணற்றில் குடத்தோடு காத்து நின்று அள்ளி வருவது. போன புரட்டாதி வெக்கையில் அந்தக் கிணறும் அடி தெரிய வற்றிவிட்டது. ஒருநாள் அவள் செம்பில் நல்ல தண்ணீரைக் காருக்கு ஊற்றிக்கொண்டு நிற்க, அம்பலவாணர் பார்த்துவிட்டார்.

"தவிச்ச வாய்க்குக் குடுக்கிற தண்ணியை இரும்புக்கு ஊத்துறியோ, பிள்ளை? பாவம் சுத்தும்."

அதட்டிச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுட்டது. சின்ன வயதில் உள்ளங்கையில் அள்ளுகிற ஒரு சிரங்கை நல்ல தண்ணீர் சிந்தினாலும் தாயிடம் குட்டு வாங்கி வளர்ந்தவள். அடுத்த நாளிலிருந்து வளவுக் கிணற்றில் அள்ளி ஊற்றினாள். பயப்படாமலும் இல்லை, யோசித்துத்தான் செய்தாள். நயினாதீவுக்குப் போகிற மோட்டர் வள்ளம் கடல் தண்ணீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறதை அவள் பார்த்திருக்கிறாள். உப்புக் கடலே வள்ளத்துக்குக் காணுமென்றால், வாயில் வைத்தால் கொஞ்சம் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் காருக்கு ஆகாதா?

கார்த்திகை மழைக்குக் கிணறு பெருகியது. சவரும் தணிந்தது. கை பழகிவிட்டது. றேடியேற்றரில் தண்ணீர் செந்நிறமாக இருந்ததை ஒருமுறை தில்லைநாதன் கண்டு, பழைய துரு கழன்று வருகிறது என்று தானே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"தண்ணி பாத்தீரோ?" என்று இன்று காலையும் கேட்டான்.

"ஓம், பாத்தனான்" என்றாள்.

பத்திநாதர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டு, சேட்டுப் பையில் ஒரு செபமாலை, கையில் ஒரு திருப்புளி. வந்த மனிதர் தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் காரைச் சுற்றி வந்தார். கதவை விரலால் தட்டினார்.

"என்ன மரம்?"

"வேம்பண்ணை. கறையான் கிட்ட வராது. வள்ளத்து ஆசாரி வளைச்சவர்."

"அப்ப பாலத்திலை சறுக்கிக் கடலுக்கை விழுந்தாலும் மிதக்கும் எண்டுறீர்."

தில்லைநாதன் சிரித்தான். அவன் சிரித்துச் சத்தியபாமா கண்டு கனகாலம். அம்பலவாணர் மட்டும் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் நயினாதீவு அம்மனிடம் போவது அவர் வழக்கம். இன்று சத்தியபாமாவும் அவரோடு பஸ்ஸில் குறிகட்டுவான் வரை போவதாக ஏற்பாடு. அங்கே பத்திநாதர் இறங்கி நெடுந்தீவுப் படகு ஏறுவார். வெறுமையாகிற ஆசனத்தில் அவள் திரும்பி வருவாள்.

பத்திநாதர் இடப்பக்கத்தில் ஏறி இருந்தார். இருந்த கையோடு பித்தளைக் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். சத்தியபாமா வேறு பக்கம் பார்த்தாள்.

எஞ்சின் ஒரே உதையில் எழும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் தெருவில் ஏறிப் போனதை, வேலிக்கு மேலால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய காரியம் என்று அவளுக்குப் பட்டது.

பஸ்ஸில் மாமனுக்கும் மருமகளுக்கும் இடம் கிடைத்தது. முன் ஆசனத்தில் இலட்சுமிப்பிள்ளை, தூரத்துச் சொந்தம், வாய்க்குப் பூட்டில்லாதவள். திரும்பி இருந்து விசாரணையைத் தொடங்கினாள். கார் போனதைக் கண்டாளாம். நல்ல வடிவாம். ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகமாம்.

"ரண்டு பேருக்கெண்டு கார் செய்தவன், மூண்டாவது ஆள் வந்தால் எங்கை இருத்தப் போறான், பிள்ளை? அதுக்குப் பயந்துதான் ஒருவரும் வரேல்லைப் போலை."

கலியாணமாகிப் பிள்ளையில்லாதவளிடம் பஸ் கேட்கச் சொன்ன பகிடி. இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தியபாமா மடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்திலை இறுக்கிப் பிடித்தாள். மாமா கடல் வெயிலில் களைத்தால் குடிக்கவென்று நல்ல தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

"மடியிலை இருத்துவம், மாமி" என்றாள். "உங்களைத்தான் எங்கை இருத்துறது எண்டு தெரியேல்லை."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். இலட்சுமிப்பிள்ளை முன்னுக்குத் திரும்பிக்கொண்டாள். அம்பலவாணரின் மீசையும் ஒருக்கால் அசைந்தது போலிருந்தது. பிறகு அவர் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். அந்தக் கடையில் தன் தகப்பன் காலத்துத் தராசு தொங்கியதைச் சொன்னார். சிங்களச் சனமும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடும் என்றார். எரித்தவர்கள் வேறு ஊரார், அந்தத் தெருவார் இல்லை என்றார். இதெல்லாம் அவள் பலமுறை கேட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் புதிது.

"நான் செத்தால், அம்பலவாணர் கடை எண்டு சொல்ல ஒரு பலகை இருக்க வேணும், பிள்ளை. கார் ஆரின்ரை பேரையும் சொல்லாது."

வேலணை முடிந்து, புங்குடுதீவுக்குப் போகிற பாலத் தெருவில் பஸ் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குச் சோளகக் காற்று யன்னலால் உப்பை அள்ளி அடித்தது.

"அங்கை பாருங்கோ, புகை" என்றான் யாரோ ஒருவன்.

அது புகையில்லை, நீராவி. பாலத் தெருவின் நடுவில், கடலைப் பார்த்தபடி கார் நின்றது. எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. பத்திநாதர் தலையில் லேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு தெருவோரத்தில் நின்றார். தில்லைநாதன் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி இருந்தான்.

பஸ்காரன் வேடிக்கை பார்க்க நிறுத்தினானோ, இரக்கப்பட்டு நிறுத்தினானோ. சத்தியபாமா இறங்கிவிட்டாள். பின்னால் அம்பலவாணரும் இறங்கினார். யன்னல்களில் முகங்கள் நிறைந்தன.

அவள் ஓடிப்போய்ப் போத்திலை நீட்டினாள்.

"நல்ல தண்ணி. விடுங்கோ."

தில்லைநாதன் வாங்கவில்லை. எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து அவளிடம் காட்டினான். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் நுரைத்து வழிந்தது. எண்ணெய்க்குள் தண்ணீர் போய்விட்டது. எஞ்சினின் தலைப்பகுதி வெடித்துவிட்டது. அதற்குப் பதில் ஒன்று இந்த நாட்டில் எடுக்க ஏலாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சூடு காட்டும் முள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் கீழே கிடந்தது. அது காட்டுவது தண்ணீரின் சூட்டை; தண்ணீர் முழுக்க ஒழுகிப் போன பிறகு முள்ளுக்கு என்ன தெரியும்?

பத்திநாதர் குனிந்து எஞ்சினின் பக்கச் சுவரைத் தடவினார். அடைப்புத் தகடு ஒன்று துருவில் ஓட்டை விழுந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்துக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார்.

"உப்பு" என்றார். "இதுக்கு ஆர் தண்ணி விடுறது?"

சத்தியபாமாவின் கையில் போத்தில் கனத்தது. அவளுக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. வள்ளம் வேறு, கார் வேறு. வள்ளம் கடலைக் குடித்துக் கடலுக்கே துப்பிவிடுகிறது. கார் உப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காய்ச்சிக் காய்ச்சிக் குடிக்கிறது. பத்து மாதமாகத் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறாள்.

வாயைத் திறந்தாள். பக்கத்தில் மாமா நின்றார். பஸ் நிறையச் சனம் நின்றது. இலட்சுமிப்பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதன் அவளை ஒருக்கால் பார்த்தான். பிறகு பத்திநாதரைப் பார்த்தான்.

"நான்தானண்ணை."

"நீரோ?"

"ஓம்."

"சவர்த் தண்ணியெண்டு தெரியாமலோ?"

"தெரியும். யோசிக்கேல்லை."

பத்திநாதர் லேஞ்சியை எடுத்து நகத்தைத் துடைத்தார். கார் இடைவழியில் நின்றதைக்கூட அவர் மன்னித்திருப்பார். பழைய வாகனம், நிற்கும். ஆனால் தெரிந்துகொண்டே எஞ்சினுக்குச் சவர்த் தண்ணீர் விட்டேன் என்கிறவனை நம்பி எந்த முதலாளி கராச்சைக் கொடுப்பான்? மூடியை இறக்கி, ஓசைப்படாமல் பூட்டினார். கதவில் கையை வைத்தார்.

"மரவேலை நல்லாயிருக்கு, தம்பி" என்றார்.

அவ்வளவுதான். நெடுந்தீவுப் படகைப் பிடிக்க வேண்டும், அதே பஸ்ஸில் ஏறிவிட்டார். மணி அடித்தது. பஸ் போய்விட்டது. பாலத்தில் காற்றும் மூன்று மனிதர்களும் மிஞ்சினார்கள்.

சத்தியபாமா மாமாவைப் பார்த்தாள். புரட்டாதி வெக்கையில் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர்தான். மகன் பொய் சொல்கிறான் என்பது அவருக்குத் தெரியாமல் இராது. கிளிநொச்சியில் இருந்தவன் எப்படி நாள்தோறும் தண்ணீர் விட்டிருப்பான்? அம்பலவாணர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பார்வை கடலில் இருந்தது.

புங்குடுதீவில் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஊர்க்கார இளையதம்பியின் மாட்டு வண்டிதான் கடைசியில் உதவியது. வண்டிக்குப் பின்னால் கயிற்றில் காரைக் கட்டினார்கள். அம்பலவாணர் நயினாதீவுப் பயணத்தை விட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். தில்லைநாதன் ஸ்ரியறிங்கைப் பிடித்தான். சத்தியபாமா எங்கே ஏறுவதென்று தெரியாமல் நின்றாள்.

"ஏறும்" என்றான் இடப்பக்கத்தைக் காட்டி. "ஆசனம் சும்மாதானே கிடக்கு."

அப்படித்தான் அவள் அந்தக் காரில் முதன்முதலாகப் போனாள். மாடு நடக்கிற வேகத்தில். இலவம் பஞ்சு மெத்தை இதமாக இருந்தது. அது அவளை இன்னும் அழவைத்தது. கைபிடியைத் தொடவில்லை.

நெடுநேரம் மாட்டின் கழுத்து மணிதான் பேசிக்கொண்டு வந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அப்பு நிண்டவர். சனம் நிண்டது. அதுக்குள்ளை உம்மடை பேரை எப்பிடிச் சொல்லுறது?"

"நான்தான் எண்டு எப்ப தெரியும்?"

"உப்பு எண்டு அவர் சொன்னவுடனை. வேறை ஆர் இருக்கினம்?"

"அவர் போறதுக்கு முன்னமெண்டாலும் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால்? வேலையும் தெரியாது, பழியைப் பெண்சாதியிலை போடுறான் எண்டு நினைச்சிருப்பார்." ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் திருப்பினான். "விடும். நான் மட்டும் வடிவாப் பாத்தனானே? சிவந்த தண்ணியைக் கண்டிட்டு, பழைய துரு எண்டு இருந்திட்டன்."

அவன் கோபித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. குரலில் எதுவுமே இல்லை. நாளைக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுபோகலாம் என்று கேட்டான். தகரப் பெட்டி காணும் என்று அவளும் சொன்னாள். வேலணைச் சந்தியில், காலையில் வேலிக்கு மேலால் பார்த்த தலைகள் மறுபடியும் எட்டிப் பார்த்தன. இப்போது சிரித்தன. 'தொட்டிலை மாடு ஆட்டிக்கொண்டு வருது' என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது.

மத்தியானம் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தில்லைநாதன் மரை கழற்றும் சாவிகளையும் திருப்புளிகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றினான். அவன் வேலை ஆயுதங்களைச் சாக்கில் சுற்றி அவள் பார்த்ததில்லை. அவை எப்போதும் சுவரில் தொங்கும்.

பொழுது சாய்கிற நேரம், அம்பலவாணர் சாய்மனைக் கதிரையில் தனியே இருக்கக் கண்டு, சத்தியபாமா அடுப்படிக் குசினி வாசலில் வந்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"மாமா, அந்தத் தண்ணி விசயத்தைப் பாலத்திலை நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"எந்தத் தண்ணி, பிள்ளை?"

"புரட்டாதி வெக்கைக்கை... காருக்கு நல்ல தண்ணி ஊத்த வேண்டாம் எண்டனீங்கள்."

"நானோ?" அவர் விசிறியை மடியில் வைத்தார். "எனக்கு ஞாபகமில்லையே, பிள்ளை. வயசாச்சுது."

முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவருக்கு அது போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. ஒருவேளை மெய்யாகவே மறந்திருக்கலாம். அவள்தான் அதைப் பத்து மாதமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. குறிகட்டுவானிலிருந்து வருகிற கடைசிப் பஸ் நல்ல தண்ணிக் கிணற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுந்தீவு போன மனிதர் அதில்தான் யாழ்ப்பாணம் திரும்புவார். மறித்துச் சொல்லிவிடலாம். அவரில்லை ஐயா, நான்தான் ஊற்றினேன், அவர் வேலை தெரிந்தவர், என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னவர். நம்பினால் நம்பட்டும். சொல்லாமல் விட்டால் நாளை இரவு மெயில் அவரைக் கொண்டுபோய்விடும்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கிணற்றடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி, அவளை முதலில் அள்ளவிட்டார்கள். செத்த வீட்டுக்காரிக்குச் செய்கிற மரியாதை. நிறைகுடத்தோடு தெருக்கரையில் வந்து நின்று, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பஸ் வந்தது. கையை நீட்டினாள். குடத்தோடு நிற்கிறவளைக் கண்டு கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏறுறியளோ, அக்கா?"

"இல்லைத் தம்பி. காலமை பாலத்திலை ஏறினவர், வெள்ளைச் சேட்டு, பத்திநாதர் எண்டு... உள்ளுக்கை இருக்கிறாரோ?"

"நெடுந்தீவுக்குப் போனவரோ? அவர் வரேல்லை, அக்கா. சோளகம் தூக்கிப் போட்டுது. படகு அங்கையே நிண்டிட்டுது."

"எப்ப வரும்?"

"காத்து விட்டால் நாளைக்குப் பின்னேரம். விடாட்டி ஞாயிற்றுக்கிழமை."

நாளைக்குப் பின்னேரம் தில்லைநாதன் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் நிற்பான்.

பஸ் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பனைகளுக்கு மேலே காற்று விட்டபாடில்லை. பிறகு வீட்டுக்கு நடந்தாள். படலையைத் திறந்தாள். குசினிக்குப் போகவில்லை. நேரே கொட்டிலுக்குப் போனாள். றேடியேற்றரின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, குடத்தைச் சரித்தாள்.

நல்ல தண்ணீர் களகளவென்று உள்ளே போனது. போன வேகத்தில் எஞ்சினின் பக்கத்து ஓட்டையால் வெளியே வந்தது. முதலில் செந்நிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. வேப்பமரத்தடி மண் அதைக் குடித்தது. அவள் நிறுத்தவில்லை. ஒரு சொட்டு மிஞ்சாமல் ஊற்றினாள். ஒரு குடம் குடிதண்ணீர், அந்தத் தீவில், ஒரு செத்த இரும்புக்கு.

நிமிர்ந்தபோது அம்பலவாணர் கொட்டில் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மண்ணில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார், வெறுங்குடத்தைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். சிந்திய சிரங்கைத் தண்ணீருக்கும் ஒரு சொல் சொல்லாமல் விடாத மனிதர்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மாமாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பது அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.